பீரங்கிச் சத்தத்துக்குக் காது கொடுத்த தளபதி
வாசகர் கேள்வி – பேராசிரியர் பதில்

சென்ற இதழில் கனடாவின் ஜெனரல் ஆண்ட்ரூ மெக்நாட்டனைப் பற்றி இரண்டே பத்தி எழுதியிருந்தேன். கல்லூரியில் மின்பொறியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், முதல் உலகப் போரில் எதிரியின் பீரங்கிகள் எங்கே இருக்கின்றன என்பதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையை முன்னின்று நடத்தினார், பிறகு நாட்டின் அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்துக்கே தலைவரானார் என்பதுதான் அதன் சாரம். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருவர் எப்படி ஐயா படைத்தளபதி ஆக முடியும்? நம் ஊரில் இப்படி நடக்குமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

அவர் 1887-ல் மூசோமின் என்ற சிற்றூரில் பிறந்தார். கனடாவின் மேற்கே, கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளியாகக் கிடக்கும் பகுதி அது. அப்பா கடை வைத்திருந்தார். மான்ட்ரீல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1910-ல் இளநிலைப் பட்டம், 1912-ல் முதுநிலைப் பட்டம், அங்கேயே விரிவுரையாளர் வேலை. அந்தக் காலத்துக் கனடாவில் முழுநேர ராணுவம் மிகச் சிறியது. வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் பயிற்சி எடுக்கும் படைதான் பெரியது. நம் டெரிடோரியல் ஆர்மியை நினைத்துக்கொள்ளுங்கள். மெக்நாட்டன் அதில் பீரங்கிப் பிரிவில் இருந்தார். 1914-ல் போர் மூண்டதும் ஒரு பேட்டரியோடு, அதாவது ஒரு சிறு பீரங்கிப் பிரிவோடு, கப்பலேறினார். அடுத்த ஆண்டு ஈப்ர் போர்க்களத்தில் காயம். ஆறியதும் திரும்ப வந்தார். 1917 தொடக்கத்தில், முப்பது வயதை எட்டும் நேரத்தில், கனடியப் படையணி முழுவதற்கும் எதிர்-பீரங்கிப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். எதிரியின் பீரங்கிகளைத் தேடிக் கண்டுபிடித்து வாயடைக்கும் வேலை அது.

நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர்த்திசை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் டி.எஸ். கோத்தாரியை 1948-ல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு அறிவியல் ஆலோசகராக அழைத்துக்கொண்டார்கள். அவர் சீருடை போடவில்லை. அங்கே வாத்தியார் சிப்பாயானார், இங்கே சிப்பாய்கள் வாத்தியாரைத் தேடிப் போனார்கள்.

சத்தத்தைக் கேட்டு பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பீரங்கியை எப்படித் துல்லியமாகக் கண்டுபிடிப்பது? நம்ப முடியவில்லை.
– பட்டாசுத் தொழிற்சாலை மேற்பார்வையாளர், சாத்தூர்

வெடிச் சத்தத்தோடு வாழ்கிறவரிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. விரிவாகவே சொல்கிறேன்.

நீங்களும் உங்கள் நண்பரும் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கிறீர்கள். எங்கோ ஒரு வெடி. உங்களுக்குச் சத்தம் முதலில் கேட்கிறது, அவருக்கு ஒரு விநாடி கழித்து. அப்படியென்றால் வெடித்த இடம் அவரைவிட உங்களுக்குச் சுமார் 340 மீட்டர் பக்கம். இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் புள்ளிகளையெல்லாம் சேர்த்தால் வரைபடத்தில் ஒரு வளைகோடு வரும். பன்னிரண்டாம் வகுப்பில் அதிபரவளையம் என்று படித்திருப்பீர்கள். மூன்றாவதாக ஒருவரை நிறுத்தினால் இன்னொரு வளைகோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பீரங்கி. கணக்கு இவ்வளவுதான்.

கணக்கு எளிது, காது பொல்லாதது. தொண்ணூறுகளில் என் மாணவர்களை வைத்து இதைச் செய்து பார்த்தேன். கல்லூரி மைதானத்தின் மூன்று மூலைகளில் மூன்று பேர், கையில் ஸ்டாப்வாட்ச். நான் கொடியசைத்ததும் மூவரும் ஓடவிட வேண்டும், சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைவாக ஓர் அணுகுண்டுப் பட்டாசைக் கொளுத்தினோம். கணக்குப் போட்டால், வெடி மதிலுக்கு வெளியே, நெடுஞ்சாலையில் வெடித்ததாக வந்தது! காரணம் அன்றே தெரிந்தது. சத்தம் கேட்டு, மூளைக்கு எட்டி, கட்டைவிரல் அழுத்துவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு விநாடி போய்விடும். அதற்குள் சத்தம் எழுபது மீட்டர் நடந்துவிடும். எங்கள் மைதானமே இருநூறு மீட்டர்தான்.

போர்முனையில் மனிதக் காதை எடுத்துவிட்டு மைக்ரோஃபோனை வைத்தார்கள். ஆறு மைக்ரோஃபோன்களைப் போர்முனைக்குப் பின்னால் வில் போன்ற வரிசையில் நிறுத்தி, எல்லாவற்றிலிருந்தும் கம்பி இழுத்து ஒரு கருவியில் சேர்த்தார்கள். பாரிஸில் லூசியன் புல் உருவாக்கிய கருவி அது. ஒவ்வொரு மைக்ரோஃபோனுக்கும் சத்தம் வந்த நொடியை, ஓடும் ஃபிலிமில் கோடாகப் பதிவு செய்தது. இதைப் பிரிட்டிஷ் படைக்குப் போர்முனையில் நடத்திக்காட்டும் வேலை, லாரன்ஸ் பிராக் என்ற இளைஞருக்கு வந்தது. 1915-ல், தம் 25-வது வயதில், தந்தையோடு சேர்ந்து இயற்பியல் நோபல் பரிசு பெற்றாரே, அவர்தான். அதே ஆண்டில் அவருடைய தம்பி கல்லிப்போலிப் போரில் இறந்துபோனார்.

பிராக்குக்கு ஒரு சிக்கல். குண்டு ஒலியைவிட வேகமாகப் பறப்பதால், பீரங்கிச் சத்தம் வருவதற்கு முன்பே 'படீர்' என்று ஒரு கூர்மையான சத்தம் வந்துவிடும். அன்றைய மைக்ரோஃபோன்கள் அந்தப் படீருக்குத்தான் துள்ளின. பின்னால் வரும் 'தொம்' என்ற அடித்தொண்டைச் சத்தம், உண்மையில் தேவைப்படும் சத்தம், சரியாகப் பதிவாகவில்லை. அவர் குழுவில் வில்லியம் டக்கர் என்ற கார்ப்பரல் இருந்தார். தார்த்தாள் ஒட்டிய குடிசையில் அவர் படுக்கும் இடத்தில் சுவரில் ஓட்டை. தூரத்துப் பீரங்கி முழங்கும்போதெல்லாம் அந்த ஓட்டை வழியாக முகத்தில் குளிர்காற்று சிலுசிலுப்பதைக் கவனித்தார். 'தொம்' என்பது காதுக்குச் சிறிய சத்தம், ஆனால் காற்றில் பெரிய அசைவு! சூடாக்கிய மெல்லிய பிளாட்டினக் கம்பியை ஒரு பெட்டியின் துளையில் பொருத்தினார்கள். காற்று அசைந்தால் கம்பி குளிரும், குளிர்ந்தால் அதன் மின்தடை மாறும். படீருக்கு அசையாத கம்பி, தொம்முக்கு அசைந்தது. ஓட்டைச் சுவர்க் குடிசையில் தூங்கிய ஒரு கார்ப்பரலின் கன்னம் கண்டுபிடித்த கருவி என்று இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மெக்நாட்டன் இவற்றில் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் செய்தது வேறு. மூத்த பீரங்கி அதிகாரிகள் பலர் இந்த 'வாத்தியார் வேலை'யை நம்பாத நேரத்தில், பிராக்கிடமும் புல்லிடமும் நேரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். சத்தத்தோடு இரவில் தெரியும் பீரங்கி மின்னலையும் வானூர்திப் படங்களையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தார். காற்றையும் வெப்பநிலையையும் கணக்கில் எடுத்தார். தம் பீரங்கிகளின் குழல்கள் தேயத் தேய குண்டின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதை ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாக அளக்க வைத்தார். எதிரி இருக்கும் இடம் தெரிந்தும் நம் குண்டு நூறு மீட்டர் தள்ளி விழுந்தால் என்ன பயன்?

அறிவியல் உயிரைக் காப்பாற்றியது என்று எழுதியிருந்தீர்கள். பீரங்கி உயிரைக் காப்பாற்றுமா? வருத்தத்துடன் கேட்கிறேன்.
– பள்ளி ஆசிரியை, தேனி

உங்கள் வருத்தம் நியாயமானது அம்மா. கணக்கை வைக்கிறேன்.

1916 ஜூலை 1, பிரான்ஸில் சோம் போர்முனை. ஒரு வாரம் இடைவிடாமல் குண்டு பொழிந்த பிறகு பிரிட்டிஷ் காலாட்படை எழுந்து நடந்தது. ஜெர்மன் பீரங்கிகளில் ஏராளமானவை அப்போதும் உயிரோடு இருந்தன, இயந்திரத் துப்பாக்கிகளும்தான். ஒரே நாளில் 57,470 பேர் விழுந்தார்கள். அவர்களில் 19,240 பேர் எழவே இல்லை.

ஒன்பது மாதம் கழித்து, 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள். விமி மேடு. அதற்கு முன் அந்தப் பகுதியில் பிரெஞ்சுப் படை ஒரு லட்சம் பேருக்கு மேல் இழந்திருந்தது. ஆலங்கட்டியும் பனித்தூவலுமாக இருந்த விடியலில் கனடாவின் நான்கு டிவிஷன்களும் முதல்முறையாகச் சேர்ந்து ஏறின. எதிரே சுமார் 212 ஜெர்மன் பீரங்கிகள். அவற்றில் 176 எங்கே இருக்கின்றன என்பது மெக்நாட்டனின் வரைபடத்தில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. தாக்குதல் தொடங்கிய நிமிடமே அவற்றின் மேல் குண்டு விழுந்தது.

அதனால் விமி இரத்தமில்லாத வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு நாளில் 10,602 கனடியர்கள் விழுந்தார்கள், 3,598 பேர் இறந்தார்கள். அந்த 176 பீரங்கிகளுக்குப் பக்கத்திலும் மனிதர்கள்தான் நின்றிருந்தார்கள். விஷவாயுக் குண்டுகளும் அவர்கள்மேல் வீசப்பட்டன. மெக்நாட்டன் தம் ஆட்களின் உயிரைக் காத்தது எதிரி கன்னர்களின் உயிரை எடுத்து. நான் அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் அவர்மேல் எனக்கு இருக்கும் மதிப்பு குறையவில்லை. இரும்பைச் செலவழித்து மனிதனை மிச்சப்படுத்து என்பதுதான் அவருடைய பிடிவாதம். 1918 நவம்பர் 1 அன்று வலான்சியென் நகருக்கு வெளியே ஒரே ஒரு காலாட்படை பிரிகேடு முன்னேறுவதற்காக 2,000 டன்னுக்கு மேல் குண்டுகளைச் செலவழித்தார். செலவு அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அன்று இறந்த கனடியர்கள் ஏறத்தாழ எண்பது பேர். போர் முடிய அப்போது பத்தே நாள்தான் இருந்தது. அந்தப் பத்து நாளைக் கடந்து வீட்டுக்குப் போன பையன்களை நினைத்துப் பாருங்கள்.

என் அப்பா பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. சாப்பிடும்போது அம்மா எப்போதும் அவருடைய வலப்பக்கம்தான் உட்காருவார். பீரங்கிச் சத்தம் எதை எடுத்துக்கொள்ளும் என்பதை நான் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை.

இருபது சென்ட் கூலி முகாம்களை அமைத்தவரும் இவர்தானே? அதைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?
– தொழிற்சங்க ஊழியர், கோவை

எழுதியிருக்க வேண்டும். இரண்டு பத்திக்குள் அடக்கும்போது புகழை வைத்துக்கொண்டு இதை விட்டுவிட்டேன். அது தவறு.

1929 முதல் அவர் கனடா ராணுவத்தின் தலைமைத் தளபதி. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாமல் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு அலைந்த இளைஞர்களைப் பார்த்து, 1932-ல் பிரதமர் பென்னட்டிடம் ஒரு திட்டம் கொடுத்தார். மணமாகாத ஆண்களுக்குத் தொலைதூர முகாம்கள். உணவு, படுக்கை, உடை, மருத்துவம், ஒரு நாளைக்கு இருபது சென்ட். விமான இறங்குதளங்களும் சாலைகளும் அவர்கள் கையால் உருவாயின. மொத்தம் 1,70,000 பேர் அந்த முகாம்களைக் கடந்து போனார்கள்.

பசித்தவனுக்குச் சோறு போட்டார், சரி. ஆனால் இருபது வயதுப் பையனுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது சோறு மட்டுமா? மாதக்கணக்கில் காட்டுக்குள், ஊர் இல்லை, குடும்பம் இல்லை, கையில் இருபது சென்ட். 'எங்கள் விலை இதுதானா?' என்ற கோபம் மூண்டது. 1935 ஜூனில் வான்கூவரிலிருந்து அவர்கள் சரக்கு ரயில்களின் மேலேறித் தலைநகர் ஒட்டாவாவுக்குப் புறப்பட்டார்கள். ரெஜினாவில் அரசு தடுத்து நிறுத்தியது. ஜூலை 1 அன்று அங்கே பெரும் கலவரம். அடுத்த ஆண்டு முகாம்களை மூடிவிட்டார்கள்.

கலோரியையும் கட்டிலையும் சரியாகக் கணக்கிட்டார். அவமானத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் பார்வையில் அவர் வாழ்க்கையிலேயே பெரிய பிழை இதுதான், போர்க்களத்தில் செய்தவற்றையும் சேர்த்து.

ராணுவத் தளபதியை அறிவியல் ஆராய்ச்சிக்குத் தலைவராக்கினால் ஆய்வாளர்கள் எப்படி ஏற்றுக்கொள்வார்கள்?
– ஆராய்ச்சி மாணவர், சென்னை

அதே 1935-ல்தான் அவர் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைவராக அனுப்பப்பட்டார். முகாம் விவகாரத்தில் கெட்ட பெயர் வாங்கியவரைத் தேர்தலுக்கு முன் ஒதுக்கி வைக்கும் எண்ணமும் அதில் இருந்தது. ஆனால் ஆய்வகத்துக்கு அவர் புதியவர் அல்ல. இருபதுகளிலேயே, சீருடையில் இருக்கும்போதே, ஸ்டீல் என்ற சக அதிகாரியோடு சேர்ந்து, ரேடியோ அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கதோடுக் கதிர்க் குழாயில் (பழைய டி.வி. பெட்டியின் திரைக் குழாய் போன்றது) கண்ணால் பார்க்கும் கருவியை உருவாக்கியவர். சத்தத்தின் திசையைத் தேடியவர் பிறகு அலையின் திசையைத் தேடினார்.

கழகத்தில் அவர் பார்வை நேரடிப் பயன் தரும் ஆராய்ச்சியின் பக்கமே இருந்தது. விமானவியல், ரேடியோ, வரப்போகும் போருக்குத் தேவையானவை. அடிப்படை ஆராய்ச்சியை நேசிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது முழுத் திருப்தி தராது. ஆனால் 1939-ல் போர் மூண்டு அவர் படைக்குத் திரும்பியபோது, சாஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புல முதல்வர் சி.ஜே. மெக்கன்சியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனாரே, அந்தத் தேர்வுக்காகவே அவரை வணங்கலாம். சுமார் 300 பேர் இருந்த கழகம் அந்தப் போர் ஆண்டுகளில் பல மடங்காக வளர்ந்தது. அதன் கீழ்தான் சாக் ரிவர் அணு ஆய்வகம் எழுந்தது. 1945 செப்டம்பரில், அமெரிக்காவுக்கு வெளியே முதல் அணு உலை அங்கே இயங்கியது. போருக்குப் பிறகு 1946-ல் கனடாவின் அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு முதல் தலைவரும் மெக்நாட்டன்தான்.

இந்தக் கிளை நம் வீடு வரை நீள்கிறது. சாக் ரிவரின் என்.ஆர்.எக்ஸ். உலையைப் பின்பற்றி, கனடாவின் உதவியோடு டிராம்பேயில் கட்டிய சைரஸ் 1960-ல் இயங்கியது. 1974-ல் இந்தியா அணுவெடிச் சோதனை நடத்திய பிறகு கனடா கையை விலக்கிக்கொள்ள, நம்மவர்களே கட்டி முடித்து 1983-ல் இயக்கிய கல்பாக்கம் கனநீர் உலையும் அதே வம்சம்.

காஷ்மீர் விவகாரத்தில் 'மெக்நாட்டன் திட்டம்' என்று ஒன்றைப் படையில் இருந்தபோது கேள்விப்பட்டிருக்கிறேன். அதே மனிதரா?
– முன்னாள் படைவீரர், வேலூர் மாவட்டம்

அதே மனிதர்தான். 1948-49-ல் அவர் ஐ.நா.வில் கனடாவின் பிரதிநிதி. 1949 டிசம்பரில் பாதுகாப்புச் சபைத் தலைமை சுழற்சி முறையில் அவரிடம் வந்தது. ஒரே மாதம். அதற்குள் இரு தரப்பையும் பார்த்துப் பேசி டிசம்பர் 22 அன்று ஒரு திட்டத்தை வைத்தார். இரு பக்கமும் படைகளைப் படிப்படியாகக் குறைப்பது, பாகிஸ்தான் பக்கத்து 'ஆசாத்' படைகளையும் இந்தியப் பக்கத்து மாநிலப் படைகளையும் சேர்த்தே குறைப்பது, பிறகு பொது வாக்கெடுப்பு. பாகிஸ்தான் ஏறக்குறைய ஒப்புக்கொண்டது, இந்தியா ஏற்கவில்லை. முதலில் உள்ளே நுழைந்தது யார் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இரு தரப்பையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார் என்பது நம் தரப்பின் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். சமன்பாட்டின் இரு பக்கமும் சரியாக்கினால் விடை வந்துவிடும் என்று அவர் நம்பினார். ஆனால் தீய எண்ணம் அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் உலகப் போரில் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது ஏன்?
– வாசகர், புதுச்சேரி

1939 டிசம்பரில் முதல் டிவிஷனோடு பிரிட்டன் போய், 1942-ல் முதலாம் கனடியப் படையின் தளபதி ஆனார். கனடியர்களைச் சிதறடிக்காமல் ஒன்றாகவே போருக்கு அனுப்ப வேண்டும் என்று நின்றார். 1942 ஆகஸ்டில் தியெப் கடற்கரைத் தாக்குதலில், போன ஏறத்தாழ 5,000 கனடியர்களில் 907 பேர் இறந்தார்கள். திட்டம் பிறருடையது, ஒப்புதலில் அவர் பங்கும் உண்டு. அதே 1942-ல் விமானப் படையில் இருந்த தம் மகன் இயனையும் பறிகொடுத்தார். மறு ஆண்டு பெரிய பயிற்சிப் போர் ஒன்றில் படையை நடத்திய விதம் பிரிட்டிஷ் தலைமைக்குப் பிடிக்கவில்லை, தம் அமைச்சரோடும் ஒத்துப்போகவில்லை. 1943 டிசம்பரில் விலகினார். 1944 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சராகத் திரும்பி, கட்டாயம் இல்லாமலே கடல்கடந்து போரிடத் தன்னார்வலர்கள் வருவார்கள் என்று நம்பினார். போதுமான பேர் வரவில்லை. மூன்று வாரத்தில் அரசு கட்டாயப் படையாட்களை அனுப்ப முடிவெடுத்தது. 1945-ல் இரண்டு முறை தேர்தலில் நின்று இரண்டு முறையும் தோற்றார்.

அவர் நதிநீர்ப் பிரச்சினையிலும் ஈடுபட்டதாக எங்கோ படித்தேன். உண்மையா?
– விவசாயி, தஞ்சாவூர்

உண்மை. 1950 முதல் 1962 வரை, கனடாவும் அமெரிக்காவும் பகிரும் ஆறுகளுக்கான கூட்டு ஆணையத்தில் கனடா தரப்புத் தலைவர். கொலம்பியா ஆறு கனடாவில் உற்பத்தியாகி அமெரிக்காவுக்குள் ஓடுகிறது. 1961 ஒப்பந்தம் நீரின் மேலான கட்டுப்பாட்டை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிடுகிறது என்று சொல்லிக் கடைசிவரை எதிர்த்தார். பதவி போன பிறகும், 75 வயதைத் தாண்டியும், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1964-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 1966 ஜூலையில் இறந்தார். தஞ்சாவூர்க்காரருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: இவர் வாதாடியது மேல்மடைக்காரர்களுக்காக. நாம் கடைமடை. அவர் வாதத்தைப் படிக்கும்போது எனக்கே மனம் இரண்டு பக்கமும் இழுக்கப்பட்டது.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் இந்தச் சத்தச் சோதனையைச் செய்து பார்க்கலாமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், அறந்தாங்கி

கட்டாயம் செய்யுங்கள். என்னிடம் அன்று இல்லாத ஒன்று உங்கள் வீடுகளில் இருக்கிறது, கைபேசி. மூன்று கைபேசிகளில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு முறை ஓங்கிக் கை தட்டுங்கள். அதுதான் மூன்றுக்கும் பொதுவான தொடக்க நேரம். பதிவை நிறுத்தாமல் மூன்றையும் மைதானத்தின் மூன்று மூலைகளுக்குக் கொண்டுபோய் வையுங்கள். இடைவெளிகளை டேப்பால் அளந்து எழுதுங்கள். மூலைகளுக்குத் தெரியாத இடத்தில் ஆசிரியர் ஒரு வெடி வெடிக்கட்டும். குழந்தைகள் யாரும் கொளுத்தக் கூடாது. பிறகு பதிவுகளைக் கணினியில் போட்டு, கைத்தட்டலிலிருந்து வெடி வரை உள்ள நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை படியுங்கள். ஒலியின் வேகத்துக்கு 340 என்று போட்டுவிடாதீர்கள். அன்றைய வெப்பநிலையைப் பாருங்கள். 35 டிகிரி என்றால் விநாடிக்குச் சுமார் 352 மீட்டர். காற்று ஓய்ந்த காலைப் பொழுதாக இருந்தால் நல்லது.

வரைபடத் தாளில் வளைகோடுகள் எங்கே வெட்டின, வெடி உண்மையில் எங்கே வெடித்தது, இரண்டுக்கும் எத்தனை மீட்டர் வித்தியாசம் என்பதை எழுதி அனுப்புங்கள். தாளையும் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.